சி.ஆர்.பி. நார்மல், ஆனாலும் விரல் வீங்குகிறது: முடக்குவாதத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாமா?

வைகைக்கரை (மதுரை):

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58. முடக்குவாதம் வந்து பல வருடம் ஆகிறது, இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனைகள் ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி. இரண்டுமே பாசிட்டிவ். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., தினமும் எச்.சி.க்யூ. (ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்), கூடவே ஃபோலிக் ஆசிட் போகிறது.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். கத்திரிக்கோல் பிடிக்கும் வலது கையில் ஆள்காட்டி விரலின் அடிக்கணு காலையில் உப்பிப்போய் இருக்கும். மோதிரம் போட முடியாது, பட்டன் ஓட்டை கட்ட முடியாது. மதியத்துக்குள் வடிந்துவிடும். நாங்கள் டாக்டரைப் பார்ப்பதோ மாலை நேரத்தில். அவர் அழுத்திப் பார்க்கும்போது கணு சாதாரணமாகத்தான் இருக்கிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 3, இ.எஸ்.ஆர். 22. "நோய் அடங்கிவிட்டது, மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம்" என்கிறார். அம்மாவுக்கும் குறைக்க ஆசைதான். மாத்திரை போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டலில் சாப்பிடாமல் கிடப்பார்.

சொந்தத்தில் ஒரு டாக்டரிடம் கேட்டபோது, குறைப்பதற்கு முன்னால் பவர் டாப்ளரோடு (மூட்டுக்குள் ரத்த ஓட்டத்தைக் காட்டும் முறை) ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பாருங்கள் என்றார். பக்கத்து ஸ்கேன் சென்டரில் விசாரித்தால், "விரலுக்கெல்லாம் ஸ்கேன் கிடையாதும்மா, எக்ஸ்ரே எடுத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த ஸ்கேன் உண்மையிலேயே தேவையா? எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

--

கொங்குக்காரர் (ஈரோடு):

கண்டிப்பாக எடுங்கள் தங்கச்சி. எனக்கும் இதே நோய்தான். ஒவ்வொரு முறை போகும்போதும் டி.ஏ.எஸ். 28 மதிப்பெண் (28 மூட்டுகளைப் பார்த்து நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் எண்) 2.6க்குக் கீழே, "ரெமிஷன்", அதாவது நோய் அடங்கிவிட்டது என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். காலில் மட்டும் செருப்பு போட்டால் சுண்டு விரல் பக்கம் எரிச்சல். செருப்பு சரியில்லை என்று நானும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பாதத்துக்கு எக்ஸ்ரே எடுத்தபோது சுண்டு விரல் அடிமூட்டில் எலும்பு அரித்திருந்தது. அதே இடத்தில் டாப்ளர் போட்டதும் திரையில் சிவப்பு சிவப்பாகப் பூத்தது.

அந்த 28 மூட்டுக் கணக்கில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் எல்லாம் உண்டு. கணுக்காலும் பாதமும் கிடையாது. முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு பல பேருக்கு முதலில் தெரிவதே அந்த ஐந்தாவது கால்விரல் அடிமூட்டில்தான். எண்ணிலேயே சேர்க்காத இடத்தில் நோய் இருந்தால் எண் எப்படிக் காட்டும்? ஒவ்வொரு விசிட்டுக்கும் ஸ்கேன் கட்டாயம் என்று வைக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

--

நந்தினி (ஒஸ்லோ):

வணக்கம். நான் இங்கே வாதநோய்ப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். //ஒவ்வொரு விசிட்டுக்கும் ஸ்கேன் கட்டாயம்// என்று அண்ணா எழுதியதைச் செய்தே பார்த்த ஆய்வு நோர்வேயில்தான் நடந்தது. பெயர் ஆர்க்டிக். 11 ஆஸ்பத்திரிகள், புதிதாகச் சரவாங்கி (முடக்குவாதம்) கண்ட 238 பேர், இரண்டு வருடம். முடிவு 2016இல் பி.எம்.ஜே. இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் கையால் பார்த்து, இரத்தம் பார்த்து மருந்தை முடிவு செய்தார்கள். மற்றப் பகுதியினருக்கு அதோடு 32 மூட்டுகளுக்கு அல்ட்ராசவுண்ட். டாப்ளரில் இரத்த ஓட்டம் தெரிந்தால் நோயாளிக்கு ஒரு கரைச்சலும் இல்லாவிட்டாலும் மருந்தைக் கூட்ட வேண்டும்.

கடைசியில், தொடர்ந்து நோய் அடங்கி, மூட்டு வீக்கமும் இல்லாமல், எக்ஸ்ரேயிலும் சேதம் கூடாமல் இருந்தவர்கள் ஸ்கேன் பக்கத்தில் 22 சதவீதம், மற்றப் பக்கத்தில் 19 சதவீதம். இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல ஏலாது. ஆனால் ஸ்கேன் பக்கத்தில் பயோலாஜிக் ஊசி (வழக்கமான மாத்திரைகள் போதாதபோது கொடுக்கும் அடுத்த கட்ட மருந்து) கூடுதலான பேருக்குப் போனது. ஸ்கொட்லாந்தில் 111 பேரை வைத்துச் செய்த டேசர் ஆய்விலும் இதே போக்குத்தான். அதனால்தான் 2018இல் இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, வழமையான கண்காணிப்புக்கு அல்ட்ராசவுண்டைப் பாவிக்க வேண்டாம் என்று எழுதியது.

ஆனால் தங்கச்சி கேட்டது வேறு கேள்வி: மருந்தைக் குறைக்கலாமா? அதற்கும் இங்கே ஒரு ஆய்வு நடந்தது, ஆர்க்டிக் ரிவைண்ட். 2021இல் ஜாமா இதழில் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தைப் பாதியாக்கினார்கள், மற்றவர்களுக்கு முழு அளவு தொடர்ந்தது. 12 மாதத்தில் பாதியாக்கியவர்களில் 25 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. முழு அளவில் இருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு மூட்டுக்கூட வீங்கியிருக்கக் கூடாது என்பது அந்த ஆய்வில் சேருவதற்கே நிபந்தனை. காலையில் கணு உப்புகிற உங்கள் அம்மாவை அதில் சேர்த்தே இருக்க மாட்டார்கள்.

--

கொங்குக்காரர் (ஈரோடு):

நந்தினிம்மா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வில் ஸ்கேன் எடுக்காத பக்கத்துக்கும் எவ்வளவு கவனிப்பு என்று பாருங்கள். குறித்த நாளில் தவறாமல் வரவழைத்து, 44 மூட்டையும் தொட்டுப் பார்த்து, இலக்கை எட்டவில்லை என்றால் உடனே மருந்தை மாற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் டோக்கன் போட்டு மணிக்கணக்கில் காத்திருந்து உள்ளே போனால், கையைப் பிடித்துப் பார்க்கக்கூட நேரம் இருப்பதில்லை. பல இடத்தில் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தே மருந்து எழுதுகிறார்கள். கை பார்க்காத இடத்தில் ஸ்கேன் பார்த்தால் வித்தியாசம் இருக்காதா?

இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வுக் குழு 2008இல் வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டர்களே ரெமிஷன் என்று முடிவு செய்த 102 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் சேதம் கூடியிருந்தது. டாப்ளர் காட்டிய மூட்டுகளில்தான் அந்த ஆபத்து பல மடங்கு அதிகம். என் சுண்டு விரலும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

--

சோனோ_திருச்சி:

நான் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேன் தேவையா என்பதை மற்றவர்கள் பேசட்டும். எடுப்பதென்றால் எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன், ஏனென்றால் தவறாக எடுத்த ஸ்கேன் எடுக்காததைவிடக் கெடுதல்.

வயிற்றுக்கு வைக்கும் வளைந்த ப்ரோபை விரலில் வைத்தால் ஒன்றும் தெரியாது. அது 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். விரல் மூட்டு தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே இருக்கிறது. அதற்கு 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் நேரான ப்ரோப் வேண்டும். போனில் கேட்கும்போதே "ஹை ஃப்ரீக்வென்ஸி லீனியர் ப்ரோப் இருக்கிறதா, மூட்டுக்கு பவர் டாப்ளர் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முதலில் கறுப்பு-வெள்ளைப் படம், கிரே ஸ்கேல் என்பார்கள். மூட்டுச் சவ்வு தடித்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று அதில் தெரியும். நீர் என்றால் ப்ரோபால் லேசாக அழுத்தினால் நகர்ந்துவிடும். தடித்த சவ்வு அப்படி நகராது. அதற்கப்புறம் பவர் டாப்ளர். அழற்சி நடந்துகொண்டிருக்கும் சவ்வில் புதுப்புது நுண்குழாய்கள் முளைக்கும். அவற்றில் ஓடும் ரத்தம் ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். இரண்டுக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பெண். டாப்ளரில் 1 என்றால் ஓரிரு புள்ளி. 2 என்றால் சவ்வின் பரப்பில் பாதிக்குள். 3 என்றால் பாதிக்கு மேல்.

இங்கேதான் கையின் பழக்கம் பேசும். ப்ரோபைக் கொஞ்சம் அழுத்தினாலே போதும், அந்த நுண்குழாய்கள் நசுங்கி சிவப்பு முழுக்க மறைந்துபோகும். தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே ஜெல் கறுப்புப் பட்டையாகத் திரையில் தெரிகிற அளவுக்குத் தாராளமாகப் பூசி, ப்ரோபை அதன் மேல் மிதக்க விட வேண்டும். நோயாளியின் கையை மேசையில் தட்டையாக, தளர்வாக வைக்க வேண்டும். விரலை மடக்கினாலும் இழுத்துப் பிடித்தாலும் சிக்னல் குறையும். டாப்ளரை மெதுவான ரத்த ஓட்டத்துக்கு ஏற்றபடி அமைக்காவிட்டால், கொதிக்கிற மூட்டையும் மிஷின் "ஒன்றுமில்லை" என்றே காட்டும்.

நோயாளி பக்கம் இரண்டு விஷயம். ஏ.சி. அறையில் கை சில்லிட்டுப் போயிருந்தால் ரத்த ஓட்டம் குறைவாகத் தெரியும். கையைச் சூடாக வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் டாப்ளரை மறைக்கக்கூடும். அதற்காக நீங்களாகவே எதையும் நிறுத்திவிட வேண்டாம், குறிப்பாக ஸ்டீராய்டை. என்ன மாத்திரை, கடைசியாக எப்போது போட்டது என்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொன்னால் போதும், அவர் ரிப்போர்ட்டில் குறித்துக்கொள்வார். காலை நேரத்து அப்பாயிண்ட்மெண்ட் கேட்டு வாங்குங்கள், அம்மாவுக்கு வீக்கம் அப்போதுதானே.

--

தரணி (சேலம்):

எனக்கு நேர்மாறாக நடந்தது, அதையும் பதிவு செய்கிறேன். உடம்பெல்லாம் வலி. டாக்டர் எந்த மூட்டைத் தொட்டாலும் வலிக்கும். அதனால் டி.ஏ.எஸ். எப்போதும் 5க்கு மேல். ஒவ்வொரு மருந்தாகக் கூட்டிக் கடைசியில் பயோலாஜிக் வரை பேச்சு வந்தது. ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டரே ஸ்கேன் பார்த்தார். இரண்டு கையிலும் ஒரு மூட்டில்கூட டாப்ளர் இல்லை. வலி ஃபைப்ரோமயால்ஜியாவினால் (மூட்டில் அழற்சி இல்லாமலேயே உடம்பெல்லாம் வலிக்கும் நோய்) என்று அப்புறம்தான் தெளிவானது. முடக்குவாதமும் இருக்கிறது, இதுவும் கூட இருக்கிறது.

இப்போது தூக்கத்துக்கும் வலிக்கும் மாத்திரை, தினமும் நடை, மெதுவான உடற்பயிற்சி என்று போகிறது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் தேவையில்லாத ஒரு ஊசிக்குள் போகாமல் தப்பித்தேன். "வலி பொய் என்று சொல்லவில்லை, வலிக்கு வேறு காரணம்" என்று டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரை வீட்டில் யாரும் என்னை நம்பவில்லை.

--

மூட்டு_டாக்டர்:

நல்ல விவாதம். நான் வாதநோய் மருத்துவன். ஸ்கேன் எழுதுவதற்கு முன் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன்: விடை எப்படி வந்தாலும் நான் கொடுக்கும் மருந்து மாறப்போவதில்லை என்றால் எதற்கு இந்த ஸ்கேன்? மூட்டு பளிச்சென்று வீங்கியிருக்கிறது, சி.ஆர்.பி. 40 என்றால் ஸ்கேன் வேண்டாம், மருந்தைக் கூட்டினால் போதும். எல்லாம் நன்றாக இருக்கிறது, மருந்தைத் தொடப்போவதில்லை என்றாலும் வேண்டாம். நந்தினி சொன்ன நோர்வே ஆய்வின் பாடம் அதுதான் என்று நினைக்கிறேன். அறிகுறியே இல்லாதவரிடம் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியையும் துரத்தினால் மருந்துதான் கூடுகிறது, பலன் கூடுவதில்லை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே சில மூட்டுகளில், முக்கியமாகக் கால் பெருவிரல் அடிமூட்டில், கிரே ஸ்கேலில் 1 வருவது சகஜம்.

ஆனால் நோயாளி சொல்வதும் என் விரல் உணர்வதும் ரத்தம் காட்டுவதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடத்தில் இந்த ஸ்கேனுக்கு நிகர் இல்லை. வைகைக்கரையின் அம்மா அப்படி ஒருவர். தரணி இன்னொரு வகை. நோய் தீவிரமாக இருக்கும்போதே சி.ஆர்.பி. நார்மலாக இருப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். டோசிலிசுமாப் போன்ற ஊசி போடுபவர்களுக்கோ, அந்த மருந்தே சி.ஆர்.பி.யை அடக்கிவிடும், அங்கே ரத்தப் பரிசோதனையை வைத்து வீக்கத்தை மதிப்பிடவே முடியாது. கை பருமனாக உள்ளவர்களுக்கும், பழைய சேதத்தால் மூட்டு கோணிப்போனவர்களுக்கும் தொட்டுப் பார்த்துச் சொல்வது கடினம். மருந்தைக் குறைக்கும் முன் ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். டாப்ளர் இருந்தால் குறைக்க மாட்டேன். எலும்புக்குள் இருக்கும் வீக்கம் மட்டும் அல்ட்ராசவுண்டில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ.தான்.

கொங்குக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பல நாடுகளில் வாதநோய் மருத்துவரே மேசையில் மிஷினை வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஸ்கேன் பார்த்துவிடுவார். இங்கே அது அவ்வளவு சுலபமில்லை. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டின் பி.சி.பி.என்.டி.டி. சட்டப்படி, பதிவு செய்யாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் மிஷினை விற்கவே கூடாது. பெண் சிசுக்களைக் காப்பதற்காக வந்த சட்டம், அது தேவை. ஆனால் விரல் மூட்டு மட்டுமே பார்க்கப்போகிற டாக்டரும் அதே பதிவு, அதே ஆய்வு, அதே பதிவேடு என்று எல்லாவற்றையும் கடந்துதான் வர வேண்டும். அதனால் பலர் மிஷின் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் சென்டர்களோ வயிறு, கர்ப்பம் என்றே ஓடுகின்றன. மூட்டு பார்க்கப் பழகிய கைகள் இங்கே குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நோயாளிகள் இதற்காக ஊர் ஊராக அலைவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. மூட்டு ஸ்கேனுக்கென்று தனியாக எளிய வழி ஒன்றை அரசு வகுத்துத் தர வேண்டும்.

--

வைகைக்கரை (மதுரை):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சோனோ சார் சொன்ன கேள்விகளைப் போனில் கேட்டு, மூட்டு ஸ்கேன் பார்க்கும் ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, காலை முதல் ஆளாகப் போய்விட்டோம். அந்த டாக்டரம்மா ஜெல்லை அள்ளிப் பூசினார்கள். ப்ரோப் கையில் பட்டதே தெரியவில்லை என்றார் அம்மா. ஆள்காட்டி விரல் கணுவில் வைத்து டாப்ளரைப் போட்டதும், சாம்பல் நிறப் படத்துக்குள் ஒரு சின்னச் சிவப்புத் திட்டு துடித்துத் துடித்து எரிந்தது. பக்கத்து விரலில் வைத்தால் ஒன்றுமில்லை. அம்மாவே திரையைப் பார்த்து, "இதுதான், காலையில குத்துற இடம் இதுதான்" என்றார்.

ரிப்போர்ட்டில் உள்ளது:
வலது 2ஆம் எம்.சி.பி.: கிரே ஸ்கேல் 2, டாப்ளர் 2. சிறிய எலும்பு அரிப்பு உண்டு.
வலது 3ஆம் எம்.சி.பி.: கிரே ஸ்கேல் 1, டாப்ளர் 0.
வலது மணிக்கட்டு: கிரே ஸ்கேல் 2, டாப்ளர் 1. ஈ.சி.யூ. தசைநாண் உறையில் வீக்கம்.
இடது கை: குறிப்பிடும்படி இல்லை.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? எலும்பு அரிப்பு என்பதைப் படித்ததும் பயமாக இருக்கிறது. போன வருட எக்ஸ்ரேயில் அப்படி எதுவும் இல்லை.

--

சோனோ_திருச்சி:

பயப்பட வேண்டாம் அம்மா. 2ஆம் எம்.சி.பி. என்பது நீங்கள் சொன்ன அதே அடிக்கணுதான். சவ்வும் தடித்திருக்கிறது, உள்ளே ரத்த ஓட்டமும் இருக்கிறது. அதாவது பழைய தழும்பு கிடையாது, இப்போது நடந்துகொண்டிருக்கும் அழற்சி. 3ஆவதில் உள்ள 1/0க்குத் தனியாகப் பெரிய அர்த்தம் கொடுக்க மாட்டேன். ஈ.சி.யூ. என்பது மணிக்கட்டின் சுண்டு விரல் பக்கமாக ஓடும் தசைநாண். முடக்குவாதத்துக்கு அது பிடித்தமான இடம்.

சின்ன அரிப்புகள் எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே அல்ட்ராசவுண்டில் தெரியும். ஆள்காட்டி விரல் கணுவைப் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க முடியும் என்பதால் அங்கே இன்னும் தெளிவு. ஆகவே போன வருடத்துக்கு அப்புறம்தான் வந்தது என்று முடிவு கட்ட முடியாது. அப்போதே இருந்து எக்ஸ்ரேயில் தெரியாமலும் போயிருக்கலாம்.

--

மூட்டு_டாக்டர்:

இந்த ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரிடமே போங்கள். இதைப் பார்த்தால் அவரும் குறைக்கச் சொல்ல மாட்டார். எதைக் கூட்டுவது என்பதை அம்மாவை நேரில் பார்க்கும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்னென்ன வழிகள் உண்டு என்று மட்டும் சொல்கிறேன். 15 மி.கி. என்பது மெத்தோட்ரெக்ஸேட்டின் உச்ச அளவு கிடையாது. ஈரலும் சிறுநீரகமும் ரத்த அணுக்களும் சரியாக இருந்தால் 20, 25 வரை போவதுண்டு. அதே மருந்து தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் வருகிறது; குமட்டல் பலருக்கு அதில் குறைகிறது. ஒரே ஒரு கணுதான் தொல்லை என்றால் அந்த மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடும் வழியும் இருக்கிறது. குமட்டலைத் தயங்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்தைக் குறைக்க அம்மா ஆசைப்பட்டதற்கே அதுதானே காரணம்?

--

வைகைக்கரை (மதுரை):

போய்விட்டு வந்தோம். டாக்டர் ரிப்போர்ட்டையும் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். குறைக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மெத்தோட்ரெக்ஸேட்டை 20 மி.கி. ஊசியாக மாற்றியிருக்கிறார். முதல் ஊசி போட்டாயிற்று, மறுநாள் அம்மா இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டார். மறுபடி எப்போது ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்?

--

மூட்டு_டாக்டர்:

மாற்றிய அளவு முழுப் பலன் தர மூன்று மாதம் ஆகும். அதற்கு முன்னால் எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். காலை வீக்கம் அடங்கி, டாக்டர் கையிலும் ஒன்றும் படவில்லை என்றால் உடனே தேவைகூட இல்லை. மறுபடி குறைக்கும் பேச்சு வரும்போது எடுத்தால் போதும். எடுப்பதென்றால் அதே இடம், அதே மிஷின், முடிந்தால் அதே டாக்டரம்மா, அதே காலை நேரம். பழைய படங்களைக் கையில் கொண்டுபோங்கள். கொங்குக்காரர் அனுபவத்தைப் படித்தீர்கள் இல்லையா, அப்போது கால் சுண்டு விரல் அடிமூட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த முறை பாதம் பார்க்கவில்லை.

--

புதியவன்_நெல்லை:

ஒரு சின்னச் சந்தேகம் டாக்டர். என் அப்பாவுக்கு விரல் நுனிக்கணுக்கள்தான் முண்டு முண்டாகக் கட்டியாக இருக்கின்றன. ஆர்.எஃப். நெகட்டிவ். அவருக்கும் இந்த ஸ்கேன் தேவையா?

--

மூட்டு_டாக்டர்:

நுனிக்கணுவில் கட்டியான முண்டு என்றால் பெரும்பாலும் அது எலும்புத் தேய்மான வகை. முடக்குவாதம் பொதுவாக நுனிக்கணுவை விட்டுவிடும். சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு வரும் மூட்டுவாதம் நுனிக்கணுவைத் தாக்கும். அப்பாவின் தோலிலோ நகத்திலோ மாற்றம் ஏதாவது இருக்கிறதா, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து, தனி இழையில் எழுதுங்கள். முதலில் சாதாரண எக்ஸ்ரே போதும்.